கணுக்கால் அறுவைக்குப் பிறகு ஸ்னோபோர்டு பூட்ஸ்: விறைப்பு எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி இதுதான்: கணுக்கால் முறிந்து தகடும் திருகும் வைத்தாயிற்று. எலும்பு கூடிவிட்டது, மருத்துவரும் பனிக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். இனி கடையில் இருப்பதிலேயே விறைப்பான பூட்ஸை வாங்கிவிட்டால் கணுக்கால் பத்திரமாக இருக்குமா?

இருக்காது. பாதிப் பேருக்கு அது நேர்மாறான வேலையைச் செய்யும். கணுக்காலைத் தாங்குவது முதலில் குதிகால் பிடிமானம், அடுத்து தகட்டுக்கு மேல் அழுத்தம் விழாத இடவசதி. விறைப்பு இவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. குதிகால் உள்ளே அரை அங்குலம் எழும்பினால் வெளி ஓடு எவ்வளவு கெட்டியாக இருந்தும் பயனில்லை. உறை கெட்டிதான், கத்தி உள்ளே ஆடுகிறது என்கிற கதைதான். கொலராடோவில் 3,213 ஸ்னோபோர்டு காயங்களைப் பதிவுசெய்து 1998-ல் வெளியான ஆய்வில் 491 காயங்கள் கணுக்காலில் ஏற்பட்டவை. மென்மையான பூட்ஸ், கடினமான பூட்ஸ் என்ற வகைக்கும் கால், கணுக்கால் காயங்களின் மொத்த விகிதத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் அதில் தென்படவில்லை. ஸ்கீ விளையாட்டின் வரலாறும் இதையொட்டியதுதான். பூட்ஸ் உயரமாகவும் விறைப்பாகவும் ஆக ஆகக் கணுக்கால் முறிவு குறைந்தது, அடி முழங்காலுக்கும் கீழ்க்காலுக்கும் ஏறிப்போனது. விசை காணாமல் போவதில்லை, மேலே நகர்கிறது.

எந்த அறுவை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வெளிக் கணுக்கால் முண்டில் தகடு வைத்தவருக்கு முதல் எதிரி பூட்ஸின் லைனர், அதாவது ஓட்டுக்குள் இருக்கும் நுரை உள்பூட்ஸ். அந்த இடத்தில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதையே கிடையாது. திருகுத் தலை ஒவ்வொன்றும் நேராக நுரையில் போய் முட்டும். தசைநார் தைத்துச் சீரமைத்தவருக்குப் பாதம் உள்பக்கமாகப் புரள்வதுதான் ஆபத்து, அவருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு முக்கியம். கீழ்க்காலின் இரண்டு எலும்புகளையும் இணைக்கும் தசைநார் கிழிந்து, குறுக்கே திருகோ நூல்பொத்தானோ (இரு முனையிலும் பொத்தான் உள்ள கெட்டி நூல்) போட்டவருக்குப் பிரச்சினை வேறு. பாதத்தின் மேல் எலும்பான தாலஸ் முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருக்கும். முழங்கால் முன்னோக்கிச் சாயும்போது அந்த அகலமான பகுதி இரண்டு எலும்புகளுக்கும் நடுவே ஆப்பு மாதிரி நுழைந்து அவற்றை விலக்கப் பார்க்கும். இவருக்கு முன்சாய்வைக் கொஞ்சம் தடுக்கிற பூட்ஸ் உண்மையிலேயே உதவும். குதிநாண் தைத்தவருக்கு லைனரின் பின்விளிம்பு தழும்பில் உரசாமல் இருக்க வேண்டும். மூட்டையே இணைத்து அசைவை நிறுத்தியவர்களுக்குப் பூட்ஸுக்குள் காலை நுழைப்பதே ஒரு வேலை. அவர்களைப் பற்றிப் பிறகு.

கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். சுவரைப் பார்த்து வெறுங்காலோடு நின்று, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற வரை பாதத்தைச் சிறிது சிறிதாகப் பின்னால் நகர்த்தி, கடைசியாகத் தொட முடிந்த நிலையில் பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைக் குறியுங்கள். இரண்டு காலுக்கும் இதைச் செய்ய வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தூரம் சுமார் 3.6 டிகிரி கணுக்கால் மடக்கத்துக்குச் சமம் என்பது பிசியோக்கள் வைத்திருக்கும் கணக்கு. நல்ல காலில் 11 செ.மீ., அறுவை செய்த காலில் 6 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 18 டிகிரி போய்விட்டது. நடக்கும்போது இது அவ்வளவாகத் தெரியாது. பலகையில் ஏறி நின்றால் உடனே தெரியும்.

ஏனென்றால் ஸ்னோபோர்டு பூட்ஸின் மேல்பகுதி செங்குத்தாக நிற்பதில்லை, முன்னோக்கிச் சாய்ந்தே தைக்கப்பட்டிருக்கிறது. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கின் ஹைபேக், அதாவது காலுக்குப் பின்னால் நிற்கும் முதுகுத் தட்டு, அதற்கு மேல் இன்னும் முன்னே தள்ளும். கணுக்கால் அந்தச் சாய்வுக்கு மடங்காவிட்டால் மூன்றில் ஒன்று நடக்கும்: குதிகால் அதற்கான குழியை விட்டு எழும்பும், அல்லது நடுப்பாதம் தட்டையாகி வலிக்கும், அல்லது மூட்டின் முன்பக்கத்தில் எலும்போடு எலும்பு இடித்து நாள் முடிவில் வீங்கும். விறைப்பான பூட்ஸ் வாங்கியவர்கள் பாதி நாளில் வலியோடு இறங்கி வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். பூட்ஸ் கெட்டியாக இருந்ததால் அது விட்டுக்கொடுக்கவில்லை, கணுக்கால்தான் விட்டுக்கொடுத்தது.

இதற்குப் பலரும் சொல்லும் வைத்தியம் குதிகாலுக்கு அடியில் ஓர் ஆப்பு வைப்பது. நல்ல யோசனைதான், ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குதிகாலிலிருந்து விரலடி மேடு வரை சுமார் 18 செ.மீ. என்று வைத்தால், 6 மி.மீ. ஆப்பு தரும் கோணம் 2 டிகிரிதான். 18 டிகிரி குறையை ஆப்பால் அடைக்க முடியாது. 10 மி.மீ.க்கு மேல் போனால் குதிகால் அதற்கான குழியை விட்டே மேலேறிவிடும், பிடிமானம் கெட்டுவிடும். ஆகவே 5, 6 மி.மீ. உறுதியான ஆப்பு (அமுங்குகிற ஸ்பாஞ்ச் வேண்டாம்), ஹைபேக்கின் முன்சாய்வு பூஜ்யம், மேல்பகுதி கொஞ்சம் வளைந்துகொடுக்கும் பூட்ஸ் என்று மூன்றையும் சேர்த்துத்தான் ஈடுகட்ட வேண்டும். இரண்டு கால்களுக்கும் வித்தியாசம் 2 செ.மீ.க்குள் இருந்தால் இந்தக் கவலை பெரிதாக வேண்டாம்.

பூட்ஸின் விறைப்பை 1 முதல் 10 வரை ஓர் எண்ணாகப் போடுவார்கள். அதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 6 இன்னொரு நிறுவனத்தின் 8 ஆக இருக்கலாம். கடையின் வெதுவெதுப்பில் மென்மையாகத் தோன்றுவது பனியில் இறுகும், சில நாள் ஓட்டியபின் மறுபடி தளரும். தோராயமாகச் சொன்னால், மடக்கம் ஓரளவு திரும்பியவர்களுக்கு 5 முதல் 7 வரை. 4-க்குக் கீழே வேண்டாம், சறுக்கும்போது பக்கவாட்டில் புரள விட்டுவிடும். 8, 9 என்பது மடக்கம் முழுதாகத் திரும்பியவர்கள், அதிலும் வேகமாக ஓட்டுபவர்கள் தொட வேண்டிய சங்கதி. எண்ணை விட நல்ல சோதனை ஒன்று உண்டு. பூட்ஸை இறுக்கிக்கொண்டு முழங்காலை முன்னே அழுத்துங்கள். நாக்குப் பகுதி முழுக்க ஒரே சீராக வளைய வேண்டும். கணுக்கால் மடிப்பில் ஒரே இடத்தில் மட்டும் நொறுங்கி மடிந்து, பக்கங்கள் வெளியே உப்பினால் அந்தப் பூட்ஸ் வேண்டாம். உப்புகிற இடத்தில்தான் குதிகால் நழுவும்.

அடுத்தது சைஸ். வீக்கம் இருக்கிறதே என்று அரை சைஸ், ஒரு சைஸ் பெரிதாக வாங்குவதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு. வீக்கத்தால் பாதத்தின் நீளம் கூடுவதில்லை, சுற்றளவுதான் கூடுகிறது. நீளம் கூடிய பூட்ஸில் கணுக்கால் வைக்க வேண்டிய குழி பின்னால் போய்விடும், குதிகால் ஆடும். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, மிக நீண்ட விரல் வரை மில்லிமீட்டரில் அளந்து, அதே அளவை மொண்டோ எண்ணில் (பாத நீளத்தை சென்டிமீட்டரில் சொல்லும் பூட்ஸ் சைஸ்) தேடுங்கள். 270 மி.மீ. பாதத்துக்கு 27.0. தெருவில் போடும் ஷூ எண்ணை மறந்துவிடுங்கள். நிற்கும்போது விரல் நுனி லைனரின் முனையை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். புது லைனர் ஓட்ட ஓட்ட அமுங்கி இடம் தரும், எனவே முதல் நாள் இதமாக, தாராளமாக இருக்கிற பூட்ஸ் பத்தாம் நாள் தொளதொளவென்று ஆகிவிடும்.

சுற்றளவை மாலையில், கொஞ்சம் நடந்த பிறகு எடுங்கள். தையல் நாடாவைக் கணுக்காலைச் சுற்றி எட்டு போல வளைத்து, காலை ஒரு முறையும் மாலை ஒரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கினால் வீக்கம் இன்னும் அடங்கவில்லை, லைனரைச் சூடாக்கி வார்க்கும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். இந்த மாதிரி வீக்கம் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட நிற்கும். வீங்கிய காலுக்கு வார்த்த லைனர் வீக்கம் வடிந்ததும் தளர்ந்துபோகும்.

தகட்டுக்கு இடம் விடும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பூட்ஸ் வெற்றிபெறுவதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். சூட்டில் வடிவம் மாறும் நுரை லைனர் உள்ள மாடலாகப் பாருங்கள். விரலால் தடவி எந்தத் திருகுத் தலை வெளியே முட்டுகிறது, தழும்பில் எந்த இடம் தொட்டாலே சுரீர் என்கிறது என்று பேனாவால் தோலில் குறியுங்கள். மெல்லிய சாக்ஸ் போட்டு, அந்தப் புள்ளிகளுக்கு மேல் 3 முதல் 5 மி.மீ. தடிமனுள்ள ஒட்டும் நுரைத் துண்டுகளை, விளிம்பைச் சாய்வாகச் சீவி, ஒட்டுங்கள். விரல்களுக்கும் ஒரு மூடி போட வேண்டும். அதற்கு மேல் இன்னொரு மெல்லிய சாக்ஸ். லைனரைக் கடைக்காரர் சூடாக்குவார், பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடம், ஆனால் அந்த லைனரைச் செய்தவர்கள் சொல்லும் நேரமே கணக்கு. பிறகு காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னுக்குத் தள்ளி, மிதமாக இறுக்கி, முழங்காலைச் சற்றே மடக்கி அசையாமல் 10 நிமிடம் நில்லுங்கள். இந்த நேரத்தில் முன்னும் பின்னும் ஆடிப் பார்க்கக் கூடாது, நுரை சுருங்கி மடிப்பு விழுந்துவிடும், அந்த மடிப்பு காலம் முழுக்கக் குத்தும். ஆறியதும் துண்டுகளை எடுத்துவிட்டால் திருகுக்கு நேராக ஒரு குழி கிடைக்கும். அது போதாவிட்டால் லைனரின் வெளிப்பக்கத்தில் நுரையைத் தேய்த்துக் குறைக்கலாம். உள்பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. வெளிப்பக்க அறுவையில் பாதத்தின் மேலும் ஓரத்திலும் உள்ள உணர்ச்சி நரம்புகள் பாதிக்கப்பட்டு, தோல் மரத்துப்போயிருப்பது சகஜம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, அழுத்தமும் தெரியாது. ஆகவே வார்க்கும் முன் லைனரின் உள்ளே கையை விட்டுச் சூட்டைப் பாருங்கள். பூட்ஸ் போடத் தொடங்கிய முதல் வாரங்களில் ‘வலிக்கவில்லையே’ என்பதை நம்பாமல் கண்ணால் தோலைப் பார்க்க வேண்டும்.

குதிகாலைப் பிடிக்க லைனரின் வெளியே கணுக்கால் முண்டைச் சுற்றி ஜே வடிவ நுரைப் பட்டைகளை ஒட்டுவது வழக்கம். சாதாரணக் காலுக்கு அருமையான தீர்வு. தகடு உள்ள காலில் அந்தப் பட்டை சரியாகத் தகட்டின் கீழ்நுனியில் போய் உட்கார்ந்துவிடும். அந்தப் பக்கத்தில் அதை விட்டுவிட்டு, குதிநாணின் இரு ஓரமும் பின்னாலிருந்து பிடிக்கும் பட்டையையும், லைனருக்கும் ஓட்டுக்கும் நடுவே தனியாக இறுக்குகிற வார் உள்ள மாடலையும் பாருங்கள். சரிபார்க்க, ஒருவரைப் பூட்ஸின் குதியைத் தரையோடு அழுத்திப் பிடிக்கச் சொல்லி, உள்ளே குதிகாலைத் தூக்குங்கள். 5 மி.மீ.க்கு மேல் எழும்பினால் வேறு மாடல். பெட்டியோடு வரும் தட்டையான இன்சோலை எடுத்துவிட்டு, வளைவைத் தாங்கும், குதியில் ஆழமான கிண்ணம் உள்ள ஒன்றை வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவதும் உண்டு. குதி எலும்பு பக்கவாட்டில் நேராக நிற்கும்போதுதான் கணுக்கால் மேலே அமைதியாக இருக்கும்.

இறுக்கும் முறையில் ஒரே நிபந்தனை: பாதத்தையும் கீழ்க்காலையும் தனித்தனியாக இறுக்க வர வேண்டும். ஒற்றை டயல் போவா பூட்ஸ் (டயலைத் திருகினால் மெல்லிய கம்பி இறுகும் வகை) இந்த நிலையில் வேண்டாம். கணுக்காலைப் பிடிக்கத் திருகினால் பாதத்தின் மேல்பக்கமும் சேர்ந்து நசுங்கும், விரல் மரக்கும். இரட்டை டயல், அல்லது இரண்டு பகுதியாக இழுக்கும் கயிறு, அல்லது சாதாரண லேஸ், எதுவானாலும் சரி. லேஸில் ஒரு சௌகரியம் உண்டு. கணுக்கால் மடிப்பில் இரண்டு சுற்று முடிச்சுப் போட்டால் கீழே ஒரு இறுக்கம், மேலே வேறு இறுக்கம் வைக்கலாம். வரிசை: குதியைத் தட்டிப் பின்னே தள்ளு, உள் வாரை இறுக்கு, பிறகு கீழ்ப்பகுதி மிதமாக, மேல்பகுதி நன்றாக, எழுந்து நான்கைந்து முறை முழங்கால் மடக்கி மறுபடி ஒரு சுற்று. இரண்டு, மூன்று இறக்கம் போனதும் இன்னொரு முறை. லிப்ட் வரிசையில் நிற்கும்போது மேல்பகுதியைத் தளர்த்திவிட்டால் இரத்த ஓட்டம் திரும்பும்.

பூட்ஸுக்குள் கணுக்கால் பட்டை போடலாமா என்றால், இருபுறமும் பிளாஸ்டிக் தகடு உள்ளதைப் போடவே கூடாது, விளிம்பு நேராகத் திருகில் குத்தும். மெல்லிய துணிப் பட்டையைப் பிசியோ சொல்லியிருந்தால் அதைப் போட்டுக்கொண்டே பூட்ஸைச் சோதியுங்கள், வார்ப்பும் அதோடு நடக்க வேண்டும். இரண்டு சாக்ஸ் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சறுக்கும்போது ஒன்றே ஒன்று, மெல்லியதாக.

பைண்டிங்கைக் கவனிக்காமல் பூட்ஸை மட்டும் மாற்றினால் வேலை அரைகுறை. கணுக்கால் வார் முண்டின் மேல் ஏறாமல், பாதமும் காலும் சந்திக்கும் மடிப்பில் குறுக்கே விழும்படி அதன் துளையை மாற்றி வையுங்கள். வார் எந்த இடத்திலும் ஒத்துவராதவர்களுக்கு, 2017-ல் பர்ட்டன் நிறுவனம் கொண்டுவந்த ஸ்டெப் ஆன் போன்ற வார் இல்லாத அமைப்பு ஒரு வழி. அதற்கென்றே செய்த பூட்ஸ் வேண்டும், வெளியே வரும்போது குதியைத் தூக்கிக் காலைத் திருப்பி எடுக்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள், அந்தத் திருப்பல் சிலருக்கு ஆகாது. இரண்டு கால்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைத்தாலும், 2.5 அல்லது 3 டிகிரி உள்சாய்வுள்ள அடித்தட்டுப் போட்டாலும் பாதம் பக்கவாட்டில் மடங்கும் அளவு குறையும். லிப்ட் நாற்காலியில் பின்காலைக் கழற்றிவிட்டிருப்பீர்கள், பலகையின் முழு எடையும் பலகையில் முன்னே கட்டிய காலில் தொங்கி அதை முறுக்கும். அறுவை ஆனது அந்தக் காலாக இருந்தால், சும்மா இருக்கும் காலின் முனையைப் பலகைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொள்ளுங்கள்.

மூட்டு இணைப்பு செய்தவர்கள், அல்லது மடக்கம் பெருமளவு போனவர்கள், வாய் அகலமாகத் திறக்கும் பூட்ஸாகப் பார்க்க வேண்டும். லைனரை வெளியே எடுத்து, அதை முதலில் காலில் போட்டுக் கட்டி, லைனரோடு சேர்த்து ஓட்டுக்குள் இறங்கினால் எளிது. பூட்ஸை இரவு காரில் விட்டுவிட்டுக் காலையில் குளிர்ந்த நிலையில் போட முயன்றால் நுரை மரக்கட்டையாக இருக்கும். அறைக்குள் வைத்திருங்கள். சாய்வு குறைந்த, மென்மையான மேல்பகுதியும் குதி ஆப்பும் இவர்களுக்கு அவசியம், மூட்டு மடங்காது என்பதால் பூட்ஸ்தான் மடங்க வேண்டும்.

வாங்கி வந்ததும் தரைவிரிப்பில் மட்டும் 30 நிமிடம் போட்டுப் பாருங்கள், பைண்டிங்கிலும் ஏறி நின்று பாருங்கள். வெளியே போட்டுவிட்டால் கடையில் மாற்றித் தர மாட்டார்கள். கழற்றியதும் சிவந்த புள்ளிகளைக் கவனியுங்கள். கால் மணி நேரத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டால், கொப்புளம் கட்டினால், விரல்கள் வெளிறினால், மறுநாள் காலையிலும் வீக்கம் நின்றால் அந்த இடத்தைத் திருத்தாமல் பனிக்குப் போகாதீர்கள். தகட்டுக்கு மேல் தோல் உடைந்துவிட்டால் அது பூட்ஸ் விவகாரம் இல்லை, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், தொற்று உலோகம் வரை இறங்கலாம்.

நல்ல பூட்ஸும் தடுக்காத ஒரு காயம் இருக்கிறது. குதித்து இறங்கும்போது கணுக்கால் முன்னே மடங்கிய நிலையில் உள்பக்கம் புரண்டால் தாலஸின் வெளிமுனை உடையும். மேலே சொன்ன கொலராடோ ஆய்வில் 74 பேருக்கு இது நேர்ந்திருந்தது, கணுக்கால் முறிவுகளில் மூன்றில் ஒரு பங்கு. சாதாரண எக்ஸ்ரேயில் இது சுளுக்கு போலவே தப்பிவிடும். வெளிமுண்டுக்குச் சற்றுக் கீழே அழுத்தினால் வலிக்கிறது, ஊன்ற முடியவில்லை என்றால் சிடி ஸ்கேன் கேளுங்கள். முதல் பருவத்தில் குதிப்பதைத் தள்ளிவைப்பது இதனால்தான்.

பின்னாளில் தகட்டையும் திருகையும் எடுத்துவிட்டால் பழைய லைனரை அப்படியே போடாதீர்கள். திருகு இருந்த துளைகள் நிரம்பும் வரை எலும்பு அங்கே பலவீனமாக இருக்கும், மருத்துவர் சொல்லும் வாரங்கள் வரை சறுக்கல் கிடையாது. அதற்குள் திருகுக்காக விட்ட குழி இப்போது வெற்றிடமாகி, கணுக்கால் அதில் ஆடத் தொடங்கும். பெரும்பாலான நுரை லைனர்களை இன்னும் ஓரிரு முறை சூடாக்கி வார்க்கலாம், இம்முறை துண்டுகள் இல்லாமல். நுரை ஏற்கெனவே அமுங்கித் தட்டையாகியிருந்தால் லைனரை மட்டும் புதிதாக வாங்கினால் போதும், ஓடு நன்றாக இருக்கும்வரை பூட்ஸை மாற்றத் தேவையில்லை.